அவருக்குத் தெரியக் கூடாது

நல்லா இருப்பீங்க. தண்ணி குடுத்தீங்களே, அதுக்குச் சொல்றேன். மயக்கமெல்லாம் இல்லைங்க. காலையில ஒரு இட்லியைத் தின்னுட்டு ஓடியாந்தது, அதான். நீங்க எதுக்கு எந்திரிக்கிறீங்க, மூணு பேரு சீட்டுதானே, உக்காருங்க.

அழுததைப் பாத்துட்டீங்க. இனிமே மறைச்சு என்ன ஆவப்போவுது. ஊரு போயிச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு, சொல்லிக்கிட்டே வர்றேன். இஷ்டம் இல்லேன்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கங்க, நான் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டேன்.

ஒரு பொண்ணு வாயாலேயே எங்க வீட்டுக்காரரைக் கொன்னுடுச்சு. ரெண்டு மாசமா இதைத்தான் பாக்குறவங்க எல்லார்கிட்டயும் சொல்றேன். உங்ககிட்டயும் அதுலேருந்தே ஆரம்பிக்கிறேன்.

எனக்கு ஒரே பையன். மாறன். இப்ப நீங்க ஏறுனீங்களே, அந்த ஆஸ்பத்திரி காலேஜுலதான் டாக்டருக்குப் படிக்கிறான், மூணாவது வருஷம். எங்க வீட்டுக்காரர் தணிகாசலம் மின்வாரியத்துல லைன்மேனா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. லைன்மேன் மகன் டாக்டருன்னு குடியிருப்பு முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிவாரு. அவன் இன்னும் டாக்டர் ஆவலைங்க, படிக்கத்தான் செய்யிறான்னு நான் சொன்னா, கம்பம் நட்டாச்சு, கரண்டு வராமப் போயிடுமான்னு கேப்பாரு.

அந்தக் காலேஜுல பயோபேங்க்னு ஒண்ணு இருக்கு. தமிழ்ல உயிரிவங்கிங்கிறாங்க. ஆபரேஷன் பண்றப்ப வெட்டி எடுக்குறாங்க பாருங்க, கட்டி, சதை, அதுல டெஸ்டுக்கு அனுப்பினது போக மிச்சம் இருக்குறதை, ரத்தத்துல ரெண்டு சொட்டை, ஐஸ்பெட்டியில வச்சுக் காப்பாத்துறாங்க. பின்னால ஆராய்ச்சி பண்றவங்க அதை எடுத்துப் பாத்து மருந்து கண்டுபிடிக்க. ஆனா சும்மா எடுத்து வச்சுக்கக் கூடாது. நோயாளிகிட்ட எல்லாத்தையும் சொல்லணும், கேக்கணும், அவரு சரின்னாதான் எடுக்கணும். வேண்டாம்னா விட்டுடணும். சரின்னவரு பின்னால மனசு மாறினாலும் வாபஸ் வாங்கிக்கலாம். பாருங்க, எல்லாம் மனப்பாடம் எனக்கு. நான் படிச்சது அஞ்சாவது வரைக்கும்தான்.

இது அங்க படிக்கிற பிள்ளைங்களுக்கே தெரியலையாம். பயோபேங்க்னா ரத்த வங்கியான்னு கேக்குதுங்களாம். அங்க ஒரு மேடம், நாங்க சொன்னா தூங்குறீங்க, உங்களுக்குள்ள நீங்களே சொல்லிக்குடுத்துக்கங்கன்னு எட்டுப் பேரைப் பொறுக்கி எடுத்தாங்க. எங்க மாறன் அதுல ஒருத்தன். இவன் போயி நூறு பிள்ளைங்க முன்னால நின்னு, நோயாளிகிட்ட எப்படிப் பேசணும், எதை மறைக்கக் கூடாதுன்னு கத்துக்குடுக்கணும். கத்துக்குடுக்கணும்னா முதல்ல இவனுக்குப் பேச வரணுமே. மாறனுக்கு ஆள் முன்னால நின்னா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும்.

அம்மா, நீ நோயாளியா நடின்னான்.

நடிக்கிறதுன்னா எனக்குச் சொல்லணுமா. குடியிருப்புல பொங்கல் விழா நாடகத்துல பதினெட்டு வருஷம் நான்தான் கதாநாயகி, வயசான பின்னால மாமியார். சரிடான்னு உக்காந்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை இவன் மட்டும். அடுத்த ஞாயித்துக்கிழமை எட்டும் வந்துடுச்சுங்க. ஆவணியிலேருந்து மார்கழி வரைக்கும் ஞாயித்துக்கிழமைன்னா எங்க வீட்டுல எட்டுப் பேருக்குச் சாப்பாடு, எட்டுப் பேருக்கும் நான் ஒருத்திதான் நோயாளி.

விதவிதமா நடிப்பேன். ஏந்தம்பி, என் சதையை வித்துடுவீங்களான்னு கேப்பேன். பேரு போட மாட்டோம், நம்பர்தான் போடுவோம்னு ஒருத்தன் சொன்னா, ஜெயில்ல போடுற மாதிரியான்னு மடக்குவேன். முழிப்பானுங்க. எங்க வீட்டுக்காரர் ஓரமா உக்காந்து வெத்தலையை மென்னுக்கிட்டுச் சிரிப்பாரு. வெத்தலைன்னா வெறும் வெத்தலை இல்லைங்க, புகையிலையும்தான். நாப்பது வருசமா.

எனக்கும் ஒரு வேஷம் குடு மங்கைன்னாரு ஒருநாள். என் பேரு மங்கையர்க்கரசி. உங்களுக்கு வசனம் சொன்னா மறந்துடுவீங்க, நோயாளியா சும்மா உக்காருங்க, நான் உங்க பொண்டாட்டியா வர்றேன்னேன். புதுசா ஒரு கட்டம் போட்டேன். டாக்டர் பையன் ஃபாரத்தோட வர்றான். நான் அவனை வாசல்லயே மறிச்சு, தம்பி, அவருக்குப் புற்றுநோயின்னு தெரியாது, தெரியக் கூடாது, அந்த வார்த்தையை விட்டுட்டுப் படிங்க, நானே கையெழுத்துப் போடுறேன்னு அழுவேன். நெசமாவே கண்ணுல தண்ணி விடுவேன். ஏழு பேரும் கவுந்துட்டானுங்க. எங்க மாறனும்தான். சரிங்கம்மான்னு பேனாவை நீட்டினான்.

ஒரே ஒரு பொண்ணு. ரெக்ஸ்லின்னு பேரு, நாகர்கோயில் பக்கம். ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு. அது என் கையைப் பிடிச்சு, "ஆன்ட்டி, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா இது அவங்க உடம்புல்லா. நீங்க செத்த வெளிய இருங்க, நான் ஐயாகிட்ட தனியா பேசணும்"னுச்சு. சொல்லிட்டு எங்க வீட்டுக்காரரைப் பின்பக்கத் துணி காயப்போடுற இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுச்சு. பத்து நிமிசம். திரும்பி வர்றப்ப ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு வர்றாங்க. என்னங்க கேட்டுச்சுன்னு நான் கேட்டா, நோயாளி சொன்னதை வெளிய சொல்ல மாட்டாங்களாம், நானும் சொல்ல மாட்டேன்னு பிகு பண்ணிக்கிட்டாரு. நான்தான் முதல்ல கை தட்டினேன். இதுதாண்டா பேச்சு, இந்தப் பொண்ணைப் பாத்துக் கத்துக்கங்கன்னு மத்த ஏழு பேரையும் திட்டினேன்.

அது நாடகம்ங்க. நாடகத்துக்கும் வீட்டுக்கும் வித்தியாசம் தெரிய வேணாமா ஒரு பொண்ணுக்கு?

தை மாசம் அவரு நாக்கு ஓரத்துல ஒரு புண்ணு. காரம் பட்டா எரியுதுன்னாரு. மாறன் டார்ச் அடிச்சுப் பாத்தான். பாத்துட்டுக் கொல்லைப் பக்கம் போயி நின்னான். அவன் காலேஜுக்கே கூட்டிட்டுப் போனோம். துண்டு எடுத்து டெஸ்டு பண்ணி, புற்றுநோய்தான்னு எங்களைத் தனியா கூப்பிட்டுச் சொன்னாங்க. நானும் மாறனும் மட்டும்.

அப்பாகிட்ட சொல்லிடலாம்மான்னான். எனக்குக் கோவம் வந்துடுச்சு. எங்க வீட்டுக்காரரோட அண்ணன் இதே நோவுல அப்படித்தான் போனாரு. வந்த டாக்டர் மூஞ்சிக்கு நேரா சொன்னாரு, அன்னையிலேருந்து சோறு இறங்கலை, பதினேழு நாள்ல ஆளு முடிஞ்சுது. நோவுல சாவலைங்க அவரு, வார்த்தையில செத்தாரு. சொல்ல மாட்டேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுடான்னேன். அம்மா, நூறு பேருக்கு நான் என்ன சொல்லிக்குடுத்துட்டு இருக்கேன் தெரியுமான்னு கேட்டான். ஊருக்குத்தான்டா உபதேசம், இது உங்கப்பன்டான்னேன். என் தலையில கை வச்சான்.

அதுக்கப்புறம் நான் நடிச்ச நடிப்பு இருக்கே, ஒரு பொங்கல் விழாவுலயும் அப்படி நடிச்சதில்லை. வெறும் புண்ணுதான், வெத்தலைச் சுண்ணாம்புல வெந்து ஆழமா போயிடுச்சு, லேசா சுரண்டி எடுத்தா சரியாப்போவும்னு சொன்னேன். ஆஸ்பத்திரி முன்வாசல்ல புற்றுநோய்ப் பிரிவுன்னு பெருசா எழுதியிருக்கும். அதுக்காகவே சமையக்கட்டுப் பக்கம் சுத்தி, பின்வாசல் வழியா கூட்டிட்டுப் போவேன். இது எதுக்குச் சுத்து வழின்னாரு. இந்தப் பக்கம் நெழலுங்கன்னேன். ஓடுற பஸ்ஸுலேருந்து கம்பத்து நம்பரைப் படிக்கிற கண்ணுங்க அவருக்கு. ஆனா நான் சொன்னதை நம்பினாரு. நெழலுதான்னு சொல்லிக்கிட்டே நடந்தாரு.

மாசியில ஆபரேஷன். முதநாள் வார்டுல இருக்கோம். யாரு வருதுன்னா, இந்த ரெக்ஸ்லின். கையில ஃபாரம். சொந்தக்காரங்ககிட்ட சொந்தப் பிள்ளை போயிக் கேக்கக் கூடாதாம், வேற ஆளுதான் கேக்கணுமாம். அதான் அதை அனுப்பியிருக்காங்க. நான் எழுந்து ஓடி வராந்தாவுலயே மறிச்சேன். ஃபாரத்துல முதல் வரியிலேயே அந்த வார்த்தை கொட்டை எழுத்துல இருக்குதுங்க.

அவருக்குத் தெரியாதுடி கண்ணு, தெரியக் கூடாது, திரும்பிப் போயிடுன்னேன். அழுதேன். இந்தத் தடவை நெசம். அது என்னையே பாத்துச்சு. சரிங்க ஆன்ட்டி, நான் எதையும் போயிச் சொல்ல மாட்டேன்னுட்டுப் போயிடுச்சு. நல்ல பொண்ணுன்னு நினைச்சேன்.

நாக்குல பாதியை எடுத்துட்டாங்க. புண்ணு உள்ள பரவியிருந்துச்சாம், அதான்னு அவருகிட்ட சொல்லிச் சமாளிச்சேன். மூக்குல குழாய் விட்டு அது வழியா கஞ்சி. பேச்சு இல்லை. மாறன் ஒரு சிலேட்டு வாங்கியாந்தான், அதுல எழுதுவாரு. தலைகாணி உசரம் பத்தலைன்னு எழுதுவாரு. கரண்டு பில்லு கட்டினியான்னு எழுதுவாரு. நான் தினம் காலையில, இன்னைக்கு நல்லா ஆறியிருக்குங்க, இன்னும் பத்து நாள்ல ரசஞ்சோறு சாப்பிடலாம்னு சொல்வேன். தலையை ஆட்டுவாரு. சில நாள் என் கன்னத்தைத் தட்டிக் குடுப்பாரு. பாத்தீங்களா, நம்பிக்கை வந்துடுச்சு மனுசனுக்குன்னு எனக்கு ஒரு ஆறுதல். ஏழு வாரம் அப்படி ஓடுச்சு. சித்திரையில நெஞ்சுல சளி கட்டி, ரெண்டே நாள்ல போயிட்டாரு. நோவுன்னு தெரியாமலேயே போயிட்டாரு, மகராசன், அந்தப் புண்ணியமாவது நான் பண்ணினேன்னு சொல்லிச் சொல்லித்தான் அழுதேன். வந்தவங்களும் அப்படித்தான் சொன்னாங்க.

அவருக்கு முப்பதாம் நாள் கும்பிட்ட அன்னைக்கு மாறன் அவங்கப்பா பென்ஷன் புத்தகத்தை எடுத்தான். உள்ளேருந்து ஒரு அட்டை விழுந்துச்சு. அட்டையில பேரு இல்லை, ஒரு நம்பரு. மாறன் எடுத்துத் திருப்பிப் பாத்தான். அம்மா, அப்பா பயோபேங்குக்குக் குடுத்திருக்காரும்மாங்கிறான்.

எனக்கு ஒரு நிமிசம் ஒண்ணும் விளங்கலை. அப்புறம் விளங்குச்சு. ஃபாரத்தைப் படிச்சுக் காட்டாம அட்டை குடுக்க மாட்டாங்க. படிச்சுக் காட்டினா அந்த வார்த்தையைச் சொல்லியாவணும். நான் கேன்டீனுக்கு வெந்நி வாங்கப் போன நேரம் பாத்து அந்தப் பொண்ணு மறுபடி உள்ள போயிருக்கு. சொல்லியிருக்கு. மனசு உடைஞ்சுதான் மனுசன் ஏழே வாரத்துல போயிருக்காருன்னு முடிவு பண்ணிட்டேன்.

அப்பவே மாறன் போனைப் பிடுங்கி அதைக் கூப்பிட்டேன். என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு என் தாலியை அறுத்தியேடின்னேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், பஸ்ஸுல சொல்லக் கூடாத வார்த்தை. அது எதுத்து ஒரு வார்த்தை பேசலைங்க. அழுவுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. மாறன் போனை வாங்கி வச்சான். அடுத்த வாரமே அந்த எட்டுப் பேரு குழுவுலேருந்து வெளிய வந்துட்டான். ஏன்டான்னேன். மறைக்கக் கூடாதுன்னு இனிமே எந்த வாயால சொல்லிக்குடுக்கிறதும்மான்னான். அதோட சரி. என்கிட்ட சாப்பாடு போடுன்னு கேக்குறான், போயிட்டு வர்றேங்குறான், அதுக்கு மேல பேச்சு இல்லை.

சரி, அதையாவது திரும்ப வாங்கிடுவோம், வஞ்சகமா வாங்கினது அங்க இருக்கக் கூடாதுன்னு வாபஸ் கடுதாசி எழுதினேன். அட்டையை எடுத்துக்கிட்டேன். அதுக்குத்தான் இன்னைக்கு வந்தேன். மாறனுக்குத் தெரியாது.

எட்டுப் பேரைப் பொறுக்கின அந்த மேடம்தான் அங்க இருந்தாங்க, நல்ல மாதிரி. உக்கார வச்சு, கண்ணாடி வழியா அந்த ஐஸ்பெட்டியைக் காட்டினாங்க. நம்ம வீட்டு பீரோ உசரம் இருக்கு. உர்ருனு ஒரே சத்தம். எங்க வீட்டுக்காரரு எந்தப் பக்கம் இருக்காருங்கன்னு கேட்டேன். கேட்டதுக்கப்புறம்தான் என்ன கேட்டோம்னு எனக்கே சங்கடமாப் போச்சு. மேடம் சிரிக்கலை. மூணாவது தட்டும்மான்னாங்க.

கடுதாசியைக் குடுத்தேன். வாங்கிக்கிட்டு, அவரு போட்ட ஃபாரத்தை எடுத்தாங்க. இது அவரு கையெழுத்துதானான்னு நீங்க பாத்துச் சொல்லணும்னாங்க. அவரு கையெழுத்துதான். த. தணிகாசலம், கீழ ஒரு கோடு. ஆபரேஷனுக்கு முதநாள் தேதி. பாத்துட்டுத் திருப்பிக் குடுத்திருக்கலாம். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆளு, முழுசும் படிச்சேன்.

நோயின் விவரத்தை நோயாளி முன்பே அறிவாரா. அதுக்கு நேரா, ஆம்னு டிக்கு. பக்கத்துல அவரு கையாலேயே எழுதியிருக்காரு, வந்த முதல் வாரமே தெரியும்னு.

பாருங்க, அந்தப் பொண்ணு சொல்லவே இல்லை. சொல்றதுக்கு முன்னாலேயே இவருக்குத் தெரிஞ்சிருக்கு. மேடத்துகிட்ட கேட்டேன். ரெக்ஸ்லின் தானா மறுபடி உள்ள போகலையாம், இவரே நர்சு மூலமா சொல்லி அனுப்பினாராம், அந்தப் பொண்ணு கையில ஃபாரத்தோட வந்துட்டுப் போச்சே, வரச் சொல்லுங்கன்னு. நான் வராந்தாவுல அழுததை உள்ளேருந்து பாத்துக்கிட்டுதான் இருந்திருக்காரு.

அதுக்குக் கீழ இன்னொரு வரி. உங்களுக்கு ஏதேனும் கேள்வி இருந்தால் எழுதவும்னு அச்சடிச்சிருக்கு. அதுல எழுதியிருக்காருங்க. "என் மனைவிக்கு இது தெரியுமா? புண் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். தெரியாது என்றால் சொல்ல வேண்டாம். தாங்க மாட்டாள்."

நான் அவ்வளவு நல்லா நடிச்சிருக்கேன்.

அந்தக் கேள்விக்குக் கீழ ரெக்ஸ்லின் எழுத்து, குண்டு குண்டா. "இதை அவர்களிடம் நீங்களே கேட்பதுதான் சரி என்று சொன்னேன். ஆபரேஷன் முடிந்து கேட்கிறேன் என்றார்." அவ்வளவுதான். அதுக்குத் தெரியும் ரெண்டு பேரும் மறைக்கிறது. ஒருத்தர் சொன்னதை ஒருத்தர்கிட்ட சொல்லக் கூடாதுன்னு படிச்ச பொண்ணு. அன்னைக்கு நான் போன்ல அந்தப் பேச்சு பேசுறப்பவும் வாயைத் திறக்கலை.

மேடம் கடுதாசியைக் கையில வச்சுக்கிட்டு, என்னம்மா பண்ணலாம்னாங்க. அவரு தெரிஞ்சுதான் குடுத்திருக்காரு, இருக்கட்டும்னு சொல்லிட்டேன். கிழிச்சுடுங்கன்னு சொல்லிட்டு வெளிய வந்தேன். வராந்தாவுல அந்தப் பொண்ணு நாலஞ்சு பிள்ளைங்களை நிக்க வச்சு ஏதோ சொல்லிக்குடுத்துட்டு இருந்துச்சு. என்னைப் பாத்து நின்னுடுச்சு. போயி ஒரு வார்த்தை பேசியிருக்கணும். பேசலை. முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டு வந்துட்டேன். அது மேல கோவம் இன்னும் போவலைங்க. அதுமேல கோவப்படலேன்னா அப்புறம் நான் யாரு மேல கோவப்படுறது, சொல்லுங்க.

பஸ்ஸுல ஏறி உக்காந்ததுக்கப்புறம்தான் ஒண்ணு நெனப்புக்கு வந்துச்சு. அப்பதான் நீங்க தண்ணி குடுத்தீங்க.

ஆபரேஷன் முடிஞ்சு ஆறாம் நாளோ ஏழாம் நாளோ. மத்தியானம், மாறன் வகுப்புக்குப் போயிட்டான், நாங்க ரெண்டு பேருதான். சிலேட்டை எடுத்தாரு. ரொம்ப நேரம் பல்பத்தை வச்சுக்கிட்டே இருந்தாரு. அப்புறம், மங்கை, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு எழுதினாரு. எனக்கு உசுரே போச்சு. கேட்டுடப்போறாரு, எனக்கு என்ன நோவுன்னு கேட்டுடப்போறாரு, அந்தக் கண்ணைப் பாத்து என்னால பொய் சொல்ல முடியாதுன்னு, வெடுக்குனு சிலேட்டைப் பிடுங்கி அழிச்சுட்டேன். அலட்டிக்காதீங்க, தையல் பிரிஞ்சுடும், எதுவா இருந்தாலும் வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்னு சொன்னேன்.

அதுக்கப்புறம் அவரு கேக்கவே இல்லை.

சிலேட்டுல எழுதினா நாக்குல போட்ட தையல் எப்படிங்க பிரியும்?